செக்ரோலில் இல்லாத பெயர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுவார். அம்மா பின்னாலேயே குனிந்து உதிரிப்பழம் பொறுக்குவார், மூட்டை மூட்டையாக. சம்பள நாளில் செக்ரோலைப் (தோட்டத்தின் சம்பளப் பதிவேடு) பார்த்து அப்பா பெயரை மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான். அமெரிக்காவின் பழைய கணக்கெடுப்புகளில், வயலில் கணவனோடு உழைத்தவளின் தொழில் 'மனைவி' என்றே பதிவாகியிருந்தது. அவர் 200 ஆண்டுத் தரவைத் தோண்டித் திருத்தினார். விவசாயக் காலத்தில் மணமான பெண்கள் நிறையவே உழைத்திருக்கிறார்கள். ஆலைகள் வந்து வேலை வீட்டைவிட்டுத் தள்ளிப் போனதும் அவர்கள் வேலை செய்வது குறைந்தது, சேவைத்துறை வளர வளர மறுபடி ஏறியது.

"நான் எங்கடா வேலைக்குப் போனேன், அப்பாவுக்குக் கூடமாட உதவினேன்" என்கிறார் அம்மா. சரி, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஆறு. மழைன்னா நாலு."