பனங்காய்ப் பணியாரமும் ஓர் ஆம்பர் ஏலும்

புரட்டாதியில் யாழ்ப்பாணம் போகிறேன் என்றவுடன் வீட்டில் சொக்கலேட், சவர்க்காரம், சப்பாத்து என்று ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. எல்லாவற்றுக்கும் நடுவில் 4 கான் பியரைத் துவாயில் சுற்றி வைத்தேன். கனடாவில், ஒன்ராறியோவில் ஒரு சிறிய கிராஃப்ட் பியர் ஆலை இலையுதிர்காலத்துக்கென்று மட்டும் வடிக்கிற ஆம்பர் ஏல் என்கிற செம்மண்ணிறப் பியர். கான் ஒன்றில் 473 மில்லிலீட்டர். கோப்பாயில் இருக்கிற மச்சானுக்கு அதைக் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்பது பல வருட ஆசை. போனில் எத்தனையோ தரம் அதன் ருசியைச் சொல்லப் பார்த்து, சொல் வராமல் கதையை மாற்றியிருக்கிறேன்.

போன அடுத்த நாள் காலை மச்சான் என்னைக் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பனங்கள்ளுக் காலம் ஓய்ந்துவிட்டது, தென்னங்கள்ளுதான். பிளா கேட்டேன், இருந்தது. பனையோலைப் பிளாவில் வார்த்த கள்ளுக்கு ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்துவிடும். கண்ணாடிக் கிளாசில் அது கிடைக்காது. இரவு முழுக்க முட்டியில் வடிந்த கள்ளு. முதலில் இனிப்பு, உடனே ஒரு சின்னப் புளிப்பு, நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி நுரை. இதற்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் முட்டியிலும் இருப்பதே போதும், பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். பின்னேரம் வரை வைத்தால் புளித்துப்போகும். அந்தக் காலையில் மட்டும் இருக்கிற ருசி அது. அதற்காகவே விடிய எழும்பலாம்.

அன்று பின்னேரம் முதல் கானைத் திறந்தோம். மச்சான் அதை ஃபிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் கட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஐஸ்தண்ணி மாதிரிக் கிடக்கு. பின்னாலை கொஞ்சம் கைக்குது, அவ்வளவுதான்" என்றான். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஆனால் அவன் சொன்னது சரி. இலங்கையில் நாங்கள் குடித்துப் பழகியது பெரும்பாலும் லாகர், குளிரில் நொதிக்கவிட்டு வடிக்கிற பியர். அதை எவ்வளவு குளிராகக் குடித்தாலும் பரவாயில்லை. ஏல் அப்படியல்ல. கூடக் குளிர்ந்தால் அதன் வாசம் முழுக்க அடங்கிப்போகும், கைப்பு மட்டும் தனியே நிற்கும்.

இரண்டாவது கானைக் கிளாசில் வார்த்து, முற்றத்து மாமரத்தடியில் 10 நிமிடம் வைத்தோம். ரொறன்ரோவில் அரை மணித்தியாலம் வேண்டும். யாழ்ப்பாண வெக்கைக்கு 10 நிமிடமே தாராளம்.

இப்போது நிறத்தைப் பார்த்தோம். நல்ல பிளேன்ரீயின் நிறம். சிவப்பும் மண்ணிறமும் கலந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற தெளிவு. மேலே வெள்ளையாகவும் இல்லாமல் மண்ணிறமாகவும் இல்லாமல் ஒரு நுரை. மணந்து பார்த்தால் முதலில் தேசிக்காய்த் தோல் வாசம். அது பியருக்குக் கைப்பும் வாசமும் கொடுக்கப் போடுகிற ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருவது. அதன் அடியில் பாண் கருகத் தொடங்குகிற நேரத்து வாசம்.

குடித்தால் அடி நாக்கில் சீனிப்பாகு. இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று மச்சான் கேட்டான், சீனி போடுகிறார்களா என்று. இல்லை. முளைகட்டின பார்லியில் ஒரு பங்கை ஈரத்தோடு சூடாக்குவார்கள். தானியத்தின் உள்ளேயே மா சர்க்கரையாகிவிடும். அப்புறம் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை பாகாகி இறுகும். கிறிஸ்டல் மால்ட் என்று பெயர். நிறமும் அதிலிருந்துதான். அந்தச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்டால் தின்ன முடியாது. மிஞ்சுவதுதான் நாக்கில் நிற்கிறது. கடைசியில் ஹாப்ஸின் கைப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகும், அடுத்த மிடறு திகட்டாது.

மச்சான் கிளாசைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு சொன்னான்: "பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு சாயம் கூடின பிளேன்ரீ குடிக்கிற மாதிரியடா."

இத்தனை வருடம் நான் தேடின சொல் அதுதான். கரமல், டொஃபி என்று கானில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பனங்கட்டி என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் நாக்கிலேயே தெரியும்.

அத்தோடு என்ன சாப்பிடலாம் என்று பார்த்தோம். மாமியின் நண்டுக்கறி சரிவரவில்லை. வறுத்த தூளின் வாசம் மால்ட்டோடு நன்றாகத்தான் சேர்ந்தது, ஆனால் மிளகாய் உறைப்பும் ஹாப்ஸ் கைப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டன. தொண்டை எரிந்தது. பருத்தித்துறை வடை நல்லாய் இருந்தது. அதன் மொறுமொறுப்புக்கும் பெருஞ்சீரக வாசத்துக்கும் பியர் இடம் கொடுத்தது.

ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது மாமி முதல் நாள் சுட்டு வைத்திருந்த பனங்காய்ப் பணியாரம். பனம்பழம் விழுகிற காலம். களியைப் பிழிந்து, சீனியோடு காய்ச்சி, கோதுமை மாவில் குழைத்து, சின்னச் சின்னதாய்ப் பொரிக்கிற அந்தப் பணியாரம் அடுத்த நாள்தான் ருசி. பனங்களிக்கென்று ஒரு இளம் கைப்பு உண்டு. சீனி எவ்வளவு போட்டாலும் முழுக்கப் போகாது, போகவும் கூடாது. பணியாரத்தைக் கடித்து ஒரு மிடறு குடித்தபோது அந்தக் கைப்பும் பியரின் கைப்பும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. இரண்டின் இனிப்பும் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. கனடாவில் மேப்பிள் இலை சிவக்கும்போது குடிக்கவென்று வடித்த பியர், இங்கே பனம்பழம் விழும்போது குடிக்கவென்று வடித்தது போலவே இருந்தது. மூன்றாவது கானும் அன்றே முடிந்தது.

கடைசிக் கானை மச்சான் விடவில்லை. சோளகக் காற்று ஓய்ந்து வாடைக்காற்று பிறந்து, முதல் மழை பெய்கிற அன்றுதான் திறப்பேன் என்று ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தான். மாமி எனக்கு ஒரு பெட்டி பாணிப் பனாட்டுக் கட்டித் தந்தார், பனங்களியை வெயிலில் காயவைத்துப் பாணியில் ஊறவிட்டது.

முந்தநாள் போன் வந்தது. பின்னால் ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம்.

"திறந்திட்டன்" என்றான்.

"10 நிமிசம் வைச்சனியா?"

"வைச்சனான். பணியாரம் முடிஞ்சுது, பனாட்டோடைதான் குடிக்கிறன். நீயும் உன்ரை பெட்டியைத் திறந்து ஒருக்கால் பார்."