அந்தத் தகரப்பெட்டி என்ன ஆச்சு?

காலேஜ்ல மொழிப்பாடம் எடுக்கறேன். கட்டுரை எழுத வெச்சு, அதை பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுத்து கருத்து எழுதச் சொல்றது எங்க கிளாஸ்ல வழக்கம். ஆரம்பிச்சது எனக்கு திருத்தற வேலை குறையும்னுதான், பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.

மொத தடவை திரும்பி வந்த தாள்ல எல்லாம் ரெண்டே ரகம். ஒண்ணு "சூப்பர் டா, செம ஃப்ளோ". இன்னொண்ணு பக்கம் பூரா சிவப்பு மை, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வட்டம், கடைசில "இன்னும் முயற்சி பண்ணு". சூப்பர் வாங்கினவன் அப்படியே மடிச்சு பையில வெச்சுட்டான், சிவப்பு வாங்கினவ அடுத்த வாரம் தாளே குடுக்கல. பசங்கள திட்டலாம்னு வாயத் தொறந்தப்பதான் உறைச்சுது, சிவப்பு மையில வட்டம் போடறத யாருகிட்ட கத்துக்கிட்டாங்க? என்கிட்டதானே.

அதுக்கு முன்னாடி ஒரு பையன் கட்டுரைல நானே 23 ஒற்றுப்பிழை வட்டம் போட்டிருக்கேன். "வீட்டை பார்த்தேன்" இல்லப்பா, "வீட்டைப் பார்த்தேன்", இப்படியே 23. அவனும் ஒண்ணு விடாம திருத்தி எடுத்துட்டு வந்தான். பிழையே இல்ல, ஆனா மொத பத்தில சொன்னதையே மூணாவது பத்திலயும் சொல்லியிருந்தான், அது அப்படியே இருந்துச்சு. நான் அதை சொல்லவே இல்லயே, அவன் எப்படி மாத்துவான்.

அப்புறம் பழைய இலக்கண நூலான நன்னூல்தான் கை குடுத்துச்சு. பாயிரத்துல, அதாவது முன்னுரைல, நூலுக்கு 10 குற்றம், 10 அழகுன்னு பவணந்தி முனிவர் சொல்லியிருக்காரு, நாமதான் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டோம். குற்றத்துல கூறியது கூறல் (சொன்னதையே திருப்பிச் சொல்றது), மற்றொன்று விரித்தல் (விஷயத்தை விட்டு வேற எதையோ வளத்தறது), சென்று தேய்ந்து இறுதல்... இந்தக் கடைசிப் பேரு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஜோரா ஆரம்பிச்சு போகப் போக தேஞ்சு போற கட்டுரைக்கு இதைவிட பொருத்தமா என்ன சொல்ல முடியும்? அதோட "நீ சரியா எழுதல"ன்னு சொன்னா ஆளைத் தொடுது, "இங்க கூறியது கூறல் வருது"ன்னா வரியைத் தொடுது, கேக்கறவனுக்கே சிரிப்பு வந்துடும். அதனால ஒரு அழகு, ஒரு குற்றம், ரெண்டுக்கும் எந்த வரின்னு காட்டணும், அவ்ளோதான் கேட்டேன். மொத வாசிப்புல பேனா கையில இருக்கக் கூடாது. எழுத்துப்பிழை எல்லாம் கடைசில, வெட்டிடப் போற பத்திக்கு ஒற்று போட்டு என்ன பிரயோஜனம்? அவங்களுக்காக நீங்க திருப்பி எழுதிக் குடுக்கறதும் கூடாது, அது உதவி மாதிரி தெரியும், ஆனா அப்புறம் அது அவங்க கட்டுரையா இருக்காது. திட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு பாராட்டு சொருகற டெக்னிக்கும் வேணாம்னுட்டேன், பசங்க நடுவுல இருக்கறத மட்டும் எடுத்துக்கறாங்க, பாராட்டை நம்பறதே இல்ல.

இதெல்லாம் சொல்லியும் பாதிப் பேரு பழையபடிதான் எழுதினாங்க. ஆனா ஒரு பொண்ணு, ரொம்ப பேசாத பொண்ணு, வீடு மாறின நாளைப் பத்தி ஒருத்தன் எழுதின கட்டுரைய படிச்சுட்டு பென்சில்ல ஓரமா ரெண்டு வரி எழுதியிருந்தா. "இது வரைக்கும் ஒரே மூச்சுல படிச்சேன். பூட்டின தகரப்பெட்டின்னு மொத பத்தில சொன்னியே, அது என்ன ஆச்சு?"

அவனுக்கே மறந்து போயிருக்கு. தாளை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருந்தான். நான் எத்தனையோ தாள் திருத்தியிருக்கேன், என் சிவப்பு மை யாரையும் அப்படி உக்கார வெச்சதில்ல. அவ குறைன்னு எதுவும் சொல்லல பாருங்க, படிச்சப்ப தனக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னா, மிச்சத்தை கேட்டா.

அடுத்த டிராஃப்ட்ல பாத்திரம் பண்டம் லிஸ்ட் எல்லாம் போயிடுச்சு. வேன்ல அவன் மடியில அந்தப் பெட்டி, வழி பூரா ஆணி, நட்டுன்னு ஏதோ உள்ள உருண்டு சத்தம் போடுது, புது வீட்டு வாசல்ல இறக்கி வெக்கறதோட முடிச்சுட்டான்.

அந்தப் பொண்ணு நேரா என்கிட்ட வந்தா. "மேம், கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல மேம் அவன்."

"அவன்கிட்டயே கேளு."

போய் கேட்டா. "தெரியும், வேணும்னுதான் திறக்கல"ன்னானாம். அவளுக்கு இன்னும் கோவம்தான், தாள் ஓரத்துல மறுபடியும் பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் திருப்பிக் குடுத்தா.