அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு

பாட்காஸ்ட் என்று, போனில் வேண்டும்போது கேட்கிற பேச்சு நிகழ்ச்சி ஒன்று ஆரம்பித்தேன். அதன் முதல் பகுதியைப் பதிவு செய்து முடித்தபோது இரவு மணி 11.40. எட்டு நிமிடப் பேச்சுக்கு 14 தடவை வணக்கம் சொல்லியிருந்தேன். மறுநாள் அண்ணன் மகளிடம் போட்டுக் காட்டினேன். ஏழாவது படிக்கிறாள். பாதி கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "யாரு அத்தை இது பேசறது?"

நான்தான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் கேட்டதிலும் தப்பில்லை. எங்கள் வீட்டில் எந்நேரமும் தர்மபுரி பண்பலை 102.5 ஓடிக்கொண்டிருக்கும். ஒலிபரப்பு என்றாலே அந்த அறிவிப்பாளர்களின் குரல்தான் என்று மனதில் பதிந்து போயிருக்கிறது. அதனால் மைக் முன்னால் உட்கார்ந்ததும் "நேயர்களே" என்று ஆரம்பித்துவிட்டேன். வாழ்நாளில் ஒருத்தரைக்கூட நான் நேயர் என்று கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் பேச்சில் வாழைப்பழம் வாளப்பளம்தான். மைக்கைப் பார்த்ததும் ஒவ்வொரு ழகரத்துக்கும் நாக்கை மடித்து மடித்து, கடைசியில் தாடையே வலித்தது.

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன், 15 வருடமாக. ஜாக்கெட், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ். மிஷினில் உட்கார்ந்தால் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அப்படித்தான் பாட்காஸ்ட் கேட்கப் பழகினேன். கேட்கக் கேட்க ஒரு ஆசை. மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கடை போடுகிறவர்கள், இவர்களெல்லாம் என் கடையில் வந்து உட்கார்ந்து எவ்வளவு பேசுகிறார்கள். அதில் ஒன்றுகூட எங்கேயும் பதிவாவதில்லையே என்று.

முதல் பகுதியில் சொல்ல ஒரு பெரிய விஷயம் வைத்திருந்தேன். பாட்காஸ்ட் என்ற சொல்லை பென் ஹாமர்ஸ்லி என்கிற பத்திரிகையாளர் லண்டன் கார்டியன் நாளிதழில் 2004 பிப்ரவரியில் எழுதினார். அதே பிப்ரவரியில்தான் எங்கள் கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இதைத் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வாரம் 19 முறை கேட்கப்பட்டிருந்தது. அதில் ஏழு முறை நான்.

ஏழு முறையும் அந்தக் குரலைச் சகிக்க முடியவில்லை. எனக்குள் கேட்கும் குரல் கனமாக இருக்கும், போனில் கேட்டது கீச்சென்று இருந்தது. மைக்தான் மட்டம் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் வராமல், மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு அடிக்குரலைக் கூட்டிக் கொடுக்கிறது. பதிவில் அந்தக் கூட்டல் கிடையாது. ஊரே இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கீச்சுக் குரலைத்தான், யாரும் கடையை விட்டு ஓடிவிடவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இடம் மட்டும் தானாக அமைந்தது. வீட்டு அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலிக்கும். கடையில் அது இல்லை. மூன்று பக்கமும் துணி தொங்குகிறது, மூலையில் லைனிங் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. ஷட்டரை இறக்கிவிட்டு ஃபேனை நிறுத்தினால் போதும். ஏப்ரல் மாதத்தில் ஃபேனை நிறுத்துவது என்ன கொடுமை என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பெங்களூர் ரோட்டில் போகும் லாரிகளின் ஏர் ஹாரனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது வந்தால் நிறுத்தி மறுபடி சொல்கிறேன். சட்டையில் குத்துகிற மைக் இரண்டு வாங்கினேன். வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டினால் சரசரப்பு முழுக்கப் பதிவாகும். கண்ணாடி வளையலையும் கழற்றி வைத்துவிட வேண்டும். விருந்தாளிக்கு நம்ம ஊர் நிப்பட்டு கொடுப்பதாக இருந்தால் பேசி முடித்த பிறகு கொடுங்கள். நான் முன்னாலேயே கொடுத்துவிட்டு அனுபவித்தேன்.

இரண்டாவது பகுதிக்கு மாங்கூழ் தொழிற்சாலைக்கு சீசன் வேலைக்குப் போகிற ஒரு அக்காவைக் கூப்பிட்டேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து 20 கேள்வி எழுதினேன். "வேலை கஷ்டமாக இருக்குமா?" ஆமாம். "மாம்பழம் சாப்பிடப் பிடிக்குமா?" வேலைக்குப் போனதிலிருந்து பிடிக்காது. இந்த இடத்தில் ஏன் என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் ஓடியிருக்கும். நான் என்ன செய்தேன்? நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ஆறு நிமிடத்தில் 20 கேள்வியும் தீர்ந்தது. அக்கா மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூழ் வாசம் தலைமுடியில் ஏறினால் எத்தனை நாளுக்குப் போகாது என்று பத்து நிமிடம் சொன்னார். அது பதிவில் இல்லை.

மூன்றாவதுதான் இன்னும் மோசம். பாரதக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிற ஒரு பெரியவர் புதுச் சட்டை தைக்க வந்தார். ஒரு கை சிவப்பு, ஒரு கை மஞ்சள், இடுப்புக்குக் கீழே சுருக்கம் வைத்து. அளவு எடுக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். அந்த வாரமே வரச் சொல்லி 40 நிமிடம் பேசினோம். நன்றாகத்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், மூன்றாவது நிமிடத்தோடு பதிவு நின்றிருந்தது. ஒரு வாடிக்கையாளர் ஜாக்கெட் ஆகிவிட்டதா என்று கூப்பிட்டிருக்கிறார். மணி அடிக்கக்கூடாது என்று போனை சைலண்டில் போட்டிருந்தேனே தவிர, விமான மோடில் போடவில்லை. அழைப்பு வந்ததும் பதிவு நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. இந்த வேலையே வேண்டாம், சுடிதாருக்கு ஓவர்லாக் அடிப்போம் என்று தோன்றியது.

பத்து நாள் கழித்து அவர் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"அதுக்கென்ன பாப்பா, தெனமும் அதே கதையத்தான ஆடறோம். மாட்டு மைக்க."

கேள்வித்தாள் வீட்டில் இருந்தது. அவர் கண்ணாடி முன்னால் நின்றார், நான் தோளில் கொஞ்சம் பிடித்து குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். கழுத்தில் அளவு டேப். அப்படியே கேட்டேன், கட்டியக்காரனுக்கு என்னங்கய்யா வேலை என்று.

"ராசா திரைக்குப் பின்னால நிப்பான். நீ யாரு, எந்த நாடு, எதுக்கு வந்தேன்னு நான் கேக்கணும். எனக்குத் தெரியாதா அது துரியோதனன்னு? வருசா வருசம் அவன்தான் வரான். முன்னால குந்தியிருக்கற சின்னப் பையனுக்குத் தெரியாதில்ல? அவனுக்கோசரம் கேக்கறது."

கை அப்படியே நின்றுவிட்டது. பத்து நாளுக்கு முன்னால் அவர் சொன்ன பதில்தான், கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். பதில் தெரிந்துகொண்டே நானும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன தடவை இதைக் கேட்டபோது என் கண் அடுத்த கேள்வியில் இருந்தது. இந்தத் தடவை, இதைக் கேட்டால் அண்ணன் மகள் என்ன கேட்பாள் என்று யோசித்தேன். அவள் கட்டாயம் கேட்டிருப்பாள், அதனால் நானும் கேட்டேன். "உங்களுக்கு பயமா இருக்காதாங்கய்யா?"

"இருக்காதா பின்ன? 40 வருசமா அரிதாரம் பூசறப்ப வயித்தக் கலக்குது. மொதல்ல வெளிய வந்ததும் முன் வரிசையில ஒரு கெழவியப் பாத்துக்குவேன். அது சிரிச்சிடுச்சின்னா விடியறவரைக்கும் கவல இல்ல."

கெழவி சிரிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேற கெழவி இல்லாமலா போகும் என்றார். நான் சிரித்த சிரிப்பு பதிவில் சத்தமாக, கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கிறது. முன்பெல்லாம் மருமகப் பிள்ளையின் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்கிற, ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு "ம்"மையும், ஒவ்வொரு மூச்சையும் வெட்டித் தள்ளுவேன். பிசிறு நறுக்குகிற புத்தி. இந்தத் தடவை ஒரு லாரி ஹாரனையும், நான் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு பேசிய ஒரு வரியையும் மட்டும் எடுத்தேன். அவர் முதல் தடவை சொன்ன ஒரு நல்ல கதை திரும்ப வரவே இல்லை. எவ்வளவு கிளறியும் வரவில்லை. அது போனது போனதுதான்.

அண்ணன் மகள் இதை முழுக்கக் கேட்டாள். இது நீதான் அத்தை என்றாள்.

இன்னும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது, ஏனென்றால் டேப் கழுத்தில் இருக்கும்போது நான் யாரிடமும் பயந்து பேசியதில்லை. கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று கேட்டால் பெண்கள் ஒரு நொடி யோசிப்பார்கள், வாயால் ஒன்று சொல்வார்கள், மனசில் வேறு இருக்கும். அந்த ஒரு நொடி பொறுத்தால் சரியான அளவு வரும். இப்போது மைக் முன்னாலும் அப்படிப் பொறுத்துப் பார்க்கிறேன். எல்லா நேரமும் முடிவதில்லை. போன வாரம் ஒரு பரிசல் ஓட்டுகிறவரோடு பேசும்போது மறுபடி "நேயர்களே" வந்துவிட்டது.

நேற்று அந்த வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். கூத்துப் பகுதியின் ஆரம்பத்தில் பதிவு நின்றுபோன கதையையும் சொல்லியிருந்தேன், பெயர் சொல்லாமல்தான். வந்ததும் வராததுமாக, "ரேடியோவில என்னைத்தான சொன்ன?" என்றார். இது ரேடியோ இல்லைங்கக்கா என்று விளக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் கிடக்கட்டும் என்று கையை நீட்டினார்.

"ஜாக்கெட் ஆயிடுச்சா இல்லையா?"

கொக்கி மட்டும் வைக்க வேண்டியிருந்தது.