தண்டுவடத்தின் இருபுறமும்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

மே 4
பல ஆண்டாக விடாத இடுப்பு வலிக்காக எடுத்த ஸ்கேன் படத்தை இன்றும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகெலும்புகளின் இருபுறமும் கருமையாக இருக்க வேண்டிய தசைக்குள் வெள்ளைக் கீற்றுகள் ஓடுகின்றன. அவை கொழுப்பு என்கிறார்கள்.

மே 5
இரவு முழுவதும் வலி விடவில்லை.

மே 9
வேலந்தாவளம் தாண்டி கோவை உக்கடம் சேரும்வரை பேருந்தில் நின்றுகொண்டே போனேன், ஏனென்றால் உட்கார்வதைவிட நிற்பது எனக்கு எளிதாக இருக்கிறது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி இயக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சை தரும் டாக்டரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். நம் நாட்டில் அதற்கென்று தனிப் பதிவுக் குழுமம் இல்லாததால், எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று உள்ளே நுழைந்ததுமே கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் சான்றிதழை எடுத்துக் காட்டினார். அதைவிட அவர் என்னிடம் கேட்ட கேள்விகளே எனக்கு நம்பிக்கை தந்தன. கால் மரத்துப் போகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா, தொடைகளின் உட்புறத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, எலும்பு பலவீனத்துக்கு மருந்து எடுக்கிறேனா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சிறுநீர் அடங்காமலோ தொடையிடுக்கு மரத்தோ இருந்தால் முதுகைத் தொடாமலேயே அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிடுவாராம்.

பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேற்காலை மடக்கி, இடுப்பின்மேல் உள்ளங்கையை ஊன்றி, வேகமாக ஒரு சிறிய அழுத்தம் கொடுத்தார். சொடுக்கு விழுந்தது. எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிய சத்தம் அல்ல அது என்றும், மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு இடைவெளி உண்டாகும்போது எழும் ஒலி என்றும் அவரே விளக்கினார். அப்படி நேராகச் சொல்பவரிடம் முதுகைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

மே 10
உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது; ஓரிரு நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

மே 12
“கண்ணு, சித்தூர் வைத்தியருகிட்டயே மறுபடி போயிட்டு வந்தா என்ன?” என்று அம்மா கேட்டார். இடுப்பின்மேல் உளுந்து மாவில் வரம்பு கட்டி வெதுவெதுப்பான எண்ணெய் நிறுத்தும் கடிவஸ்தி என்ற ஆயுர்வேதச் சிகிச்சையை அவரிடம் முன்பு செய்துகொண்டேன். அந்தச் சூடு இதமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த இதம் என்னிடம் தங்கவில்லை.

மே 15
இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியையும் முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையையும் பயன்படுத்தலாம் என்றும், பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் இருக்கிறது. அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.

மே 19
மல்டிஃபிடஸ் என்ற தசையைப் பற்றியே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முள்ளெலும்பையும் அதன் கீழுள்ளவற்றையும் கட்டி நிறுத்தும் ஆழமான சிறு தசை அது. ஆஸ்திரேலியாவில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதன்முறையாக இடுப்பு வலி வந்தவர்களுக்கு வலி நீங்கிய பின்னும் அந்தத் தசை தானாகப் பழைய பருமனுக்குத் திரும்பவில்லை. அதற்கென்றே பயிற்சி செய்தவர்களுக்குத்தான் திரும்பியது. எனக்கோ இது முதல் வலி அல்ல, பல ஆண்டு வலி. வெள்ளைக் கீற்றுகள் மறையுமா என்று கேட்டபோது, அதற்கு உறுதி தர முடியாது, மிச்சமுள்ள தசையை வலுவாக்க முடியும் என்று டாக்டர் பதில் சொன்னார்.

இடுப்புப் பகுதியின் 4, 5ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டின் (டிஸ்க்) பிதுக்கத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்ததாம். இத்தனை காலமும் நான் பயந்தது பிதுக்கத்துக்கு. பயந்து பயந்து அசையாமல் இருந்ததில் இளைத்தது தசை.

மே 20
கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி நிறுத்தினேன்; இடுப்பு நடுங்கியது.

மே 26
பக்கத்து வீட்டுச் சேச்சி, சர்க்கரை நோய்க்கும் கைரோபிராக்டிக் கேட்குமா என்று விசாரித்தார். கேட்காது என்று அழுத்தமாகச் சொன்னேன். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் இந்த முறையைத் தொடங்கிய டி.டி. பால்மர், பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் பிசகுதான் காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இடுப்பு வலியில்கூட இதன் பலன் உடற்பயிற்சி போன்ற மற்றச் சிகிச்சைகளின் பலனை ஒத்ததே என்றுதான் ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அழுத்தம் கொடுத்த பிறகு வலி குறைந்திருக்கும் சில மணி நேரத்தில் என்னால் நன்றாகப் பயிற்சி செய்ய முடிகிறது. எனக்கு அதன் பயன் அவ்வளவே, அது சிறிய பயன் அல்ல.

மே 27
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக இருக்கிறது. தென்னைகளின் இரைச்சலில் தூக்கம் வரவில்லை, ஆனால் காரணம் வலி அல்ல.

ஜூன் 5
பள்ளி திறந்துவிட்டது. கரும்பலகையின் கடைசி வரிவரைக்கும் முழங்காலை மடக்கிக் குனிந்து எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு மட்டும் கண் கலங்கியது.

ஜூன் 11
அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு இடைவெளியைக் கூட்டிவிடலாம் என்று டாக்டரே சொன்னார். மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லி வற்புறுத்தாதவர் கிடைத்தது என் நல்ல காலம். பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கும் பயிற்சியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்.

ஜூன் 15
இடது பாதத்தில், பெருவிரலை ஒட்டிய மேற்புறத்தில், காலையிலிருந்து மரமரப்பு. நேற்று வரை இது இல்லை.

ஜூன் 16
டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். குதிகாலால் நடந்து பார்க்கச் சொன்னார், நடக்க முடிகிறது. நேரில் சோதித்துப் பார்க்கும்வரை அழுத்தச் சிகிச்சை கிடையாது என்றும், பாதம் தொங்கினாலோ சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ தன்னிடம் வராமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். புதன்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். பெருவிரலை அடிக்கடி தூக்கிப் பார்க்கிறேன். இதுவரை தூக்க முடிகிறது.