பூச்சிக்கு மருந்து தேடாதீர்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்: மண்புழுத் தொட்டியோடு பட்ட பாடு

மண்புழு உரத்தொட்டி வாங்கியபோது கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் தடித்த எழுத்தில் இருந்த வரி ஒன்றே ஒன்று: ‘தினமும் இரு வேளை தண்ணீர் தெளிக்கவும்.’ அந்த வரியை இன்றைக்கும் கோபமில்லாமல் நினைக்க முடியவில்லை. ஈ, வெள்ளைப் புழு, உண்ணி என்று வரிசையாக வந்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் வேர். தொட்டி இப்போது நலமாக இருக்கிறது. இதே தாளை நம்பிக்கொண்டு யாராவது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் நிறுத்தட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புழுக்கள் வாழ்வதற்கான படுக்கையை அமைத்தது, புழு விட்டது, முதல் சில வாரங்கள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

பிறகு ஒரு நாள் மூடியைத் தூக்கினால், அதன் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். விளிம்பைச் சுற்றிப் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில வெளியே விழுந்து தரையிலேயே காய்ந்து கிடந்தன. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “புதுப் புழுக்கள் அப்படித்தான் மேலே ஏறும், பழகிவிடும்” என்றார். விட்ட முதல் ஓரிரு நாளுக்கு அது பொருந்தும். வாரக்கணக்கில் அமைதியாக இருந்த புழுக்கள் திடீரென்று கிளம்பினால், கீழே இருக்க முடியவில்லை என்று பொருள். தண்ணீரை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, “தெளிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்றார்.

தொட்டியின் அடியில் ஒரு குழாய் இருந்தது. அதைத் திறந்தால் சொட்டு நீர் வராது. ஆகவே உள்ளே நீர் தேங்கவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓரத்தில் கையை விட்டு அடிவரை தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குழாயைத் தளத்திலிருந்து இரண்டு விரல்கடை உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே நிற்கும் நீர் எந்நாளும் வெளியேறாது. அந்த இரண்டு விரல்கடையில் கருஞ்சாம்பல் நிறத்தில் சேறு, அழுகிய முட்டையின் நாற்றம். குழாய் வைத்த தொட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு குவளை நீரை ஊற்றி, கடைசிச் சொட்டுவரை வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால் மூச்சு விடுகிறது. அதற்குத் தோல் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால்தான் ஈரம் ஈரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. படுக்கையின் இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் புழுவுக்கு மூச்சு முட்டும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே குடியேறும். அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் வேலை.

அந்தத் தாளின் வரி எங்கிருந்து வந்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். திறந்தவெளியில் கூரை நிழலில் சாணமும் இலைதழையும் போட்டு அமைக்கும் பெரிய படுக்கைகளுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். அது சரி, காற்று அங்கே ஈரத்தைக் குடித்துவிடும். மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் போக வழியே இல்லை. நாம் போடும் காய்கறித் தோலிலும் பழத்தோலிலும் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நீர்தான். அது அழுகும்போது அத்தனை நீரும் படுக்கையில் இறங்குகிறது. பண்ணைக்கு எழுதிய அறிவுரையை வீட்டுத் தொட்டிக்கு அப்படியே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. படுக்கையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. விரலிடுக்கில் ஒழுகினால் அதிகம். பிழிந்ததும் உதிர்ந்தால் குறைவு. மேற்பரப்பை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்திருக்கிறது என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். மேலே காய்ந்தும் கீழே குளமாகவும் இருப்பதுதான் வழக்கம்.

சரிசெய்த விதம் இது. அடிச் சேற்றை வாரி வெளியே எடுத்தேன். தொட்டியின் தளத்தில் துளைகள் போட்டு, கீழே ஒரு தட்டு வைத்தேன். மூடிக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டிலும் துளையிட்டு, மெல்லிய வலைத்துணியை ஒட்டினேன். அடியில் கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளைத் தடிமனாகப் பரப்பி, பழைய படுக்கையோடு காய்ந்த இலையையும் செய்தித்தாள் கீற்றுகளையும் கலந்தேன். பளபளப்பான அச்சுத்தாள் வேண்டாம். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் முதலில் நன்றாகக் கழுவுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும், புழுவுக்கு ஆகாது. சில இரவுகள் மூடியைத் திறந்து, மேலே ஒரு விளக்கை எரியவிட்டேன். மண்புழு வெளிச்சத்துக்கு அஞ்சும் என்பதால் ஒன்றுகூட வெளியேறவில்லை. உணவு போடுவதையும் அந்தக் காலம் முழுக்க நிறுத்திவைத்தேன்.

இதற்கிடையில் ஈத்தொல்லை. மறுபடியும் விற்றவரை அழைத்தபோது, தூவச் சொல்லி ஒரு பூச்சித்தூளைப் பரிந்துரைத்தார். “புழுவுக்கு ஒன்றும் ஆகாதா?” என்றால், “ஈக்கு மட்டும்தான்” என்று உறுதியாகச் சொன்னார். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் கார்பரில் என்று இருந்தது. கார்பரில் மண்புழுவுக்குக் கடும் நஞ்சு. கோல்ஃப் புல்தரைகளில் மண்புழுக்களை ஒழிப்பதற்கென்றே பயன்படுத்தப்பட்ட மருந்து அது. மண்புழு விற்பவரே அதைத் தூவச் சொல்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. யார் எந்த மருந்தைச் சொன்னாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் தொட்டிக்கு அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

ஈ என்று பொதுவாகச் சொன்னாலும் என் தொட்டியில் இருந்தவை இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு. பழ ஈ பழுப்பு உடலும் சிவந்த கண்ணுமாக, பழத்தோலைச் சுற்றியே மிதக்கும். பூஞ்சை ஈ கறுத்து மெலிந்து, நீண்ட கால்களோடு கொசுவின் சாயலில், படுக்கையின் மேலேயே ஓடித் திரியும்.

பழ ஈயின் முட்டை பெரும்பாலும் பழத்தோலோடுதான் உள்ளே வருகிறது. ஆகவே தோலை உறைபெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்து எடுத்துப் போட்டால் முட்டை செத்துவிடும். தோலும் இளகிவிடுவதால் புழுவுக்கும் உண்ண எளிது. ஆனால் உறைந்தது இளகும்போது நீர் விடும், அதை வடித்துவிட்டுப் போடுங்கள். எதைப் போட்டாலும் நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே காய்ந்த காகிதத்தால் மூடுங்கள். ஏற்கெனவே பறப்பவற்றுக்கு ஒரு கிண்ணத்தில் வினிகரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாவதற்குப் பத்து நாள் போல ஆகும். எனவே இரண்டு நாளில் ஈ குறைந்துவிட்டது என்று கிண்ணத்தை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை வந்து நிற்கும். மூடியின் உட்பக்க வரிப்பள்ளத்தைப் பார்க்க மறக்காதீர்கள். அங்கே சீரகம்போல ஒட்டியிருந்தவை அத்தனையும் ஈயின் கூட்டுப்புழுக்கள். பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்த பிறகுதான் எனக்கு விடிவு வந்தது.

பூஞ்சை ஈ வினிகரைச் சட்டை செய்யாது. மஞ்சள் ஒட்டும் அட்டையை வைத்தால் சிக்கும். அதன் புழுக்கள் கருந்தலையோடு கண்ணாடிபோல இருக்கும். உருளைக்கிழங்குத் துண்டைப் படுக்கையின் மேல் வைத்தால் அதன் அடியில் வந்து சேரும், எடுத்து எறிந்துவிடலாம். கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படும் பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் மருந்து இதற்கும் கேட்கும், மண்புழுவைத் தொடாது. இருந்தாலும் மேலடுக்கு காய்ந்த பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை.

வெள்ளை வெளேரென்று நூல்போல மொய்த்த சிறு புழுக்களை ஈயின் புழு என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். மண்புழுக் குட்டிகளும் அல்ல அவை. குட்டிகளுக்குள் இளஞ்சிவப்பாக இரத்தம் ஓடுவது தெரியும். இவை தூய வெண்மையாக இருக்கும் வேறொரு இனம், மண்புழுவுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் இவை பெருகினால் படுக்கை நனைந்து புளித்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்துத் தூவினால் புளிப்பு மெல்லத் தணியும். சுண்ணாம்பு போடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் புழுவின் தோலைப் பொசுக்கிவிடும்.

உண்ணிகளும் இதே நனைந்த, புளித்த படுக்கையைத்தான் நாடுகின்றன. பார்த்தால் செம்பழுப்புத் தூள் அசைவதுபோல இருக்கும். தர்பூசணித் தோலைச் சதைப்பக்கம் கீழாக ஓர் இரவு வைத்து, காலையில் மொய்த்த உண்ணிகளோடு அப்படியே எடுத்துப் போட்டுவிடுங்கள். சில முறை செய்ய வேண்டியிருக்கும்.

எறும்பு மட்டும் இதற்கு நேரெதிர். தண்ணீரை நிறுத்தி, வெயிலும் ஏறியபோது ஓரங்கள் உலர்ந்தன. உடனே எறும்பு வந்துவிட்டது. அந்த ஓரத்தை மட்டும் நனைத்து, தொட்டியின் கால்களை நீர் நிறைத்த கிண்ணங்களில் நிறுத்தியதோடு சரி.

துள்ளிக் குதிக்கும் சாம்பல் நிறப் பூச்சிகளையும் மரவட்டையையும் விட்டுவிடுங்கள், அவையும் மக்கவைக்கத்தான் உதவுகின்றன. பூரானை எடுத்துவிடுங்கள். தலை விசிறிபோல விரிந்த தட்டைப்புழு கண்ணில் பட்டால் விடவே கூடாது, மண்புழுவைத்தான் உண்ணும். வெட்டினால் துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரும். வெறுங்கையால் தொடாமல் எடுத்து உப்பில் போடுங்கள்.

தட்டில் வடியும் கறுப்பு நீரை நீர்த்த உரமாகச் செடிக்கு ஊற்றச் சொல்லியிருந்தது அந்தத் தாள். நலமான படுக்கையின் வழியாக நீரைச் சொட்டச் சொட்ட விட்டு எடுப்பதுதான் மண்புழுக் குளியல் நீர். அழுகலிலிருந்து வடிந்ததை, அதுவும் பச்சையாக உண்ணும் கீரைக்கு, நான் ஊற்றவில்லை.

விற்றவரிடம் கடைசியாகப் பேசியபோது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் புழு வாங்கிக்கொள்ளச் சொன்னார். கொட்டுவதற்கு முன் ஒரு பிடியை வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்தேன். எலுமிச்சை வடிவத்தில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, தேன் நிற மணிகள் பல கிடந்தன. எல்லாம் முட்டைக்கூடுகள். ஒவ்வொன்றிலிருந்தும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகள் வரும், பொரிய ஏறத்தாழ மூன்று வாரம் பிடிக்கும். பெரிய புழுக்களில் பாதி போய்விட்டிருந்த நிலையிலும் அந்தப் படுக்கையை அப்படியே வைத்துக்கொண்டேன். இப்போது உரம் சலிக்கும்போது கையில் வருபவை பெரும்பாலும் அந்தக் கூடுகளிலிருந்து வந்தவைதான். புதிதாக ஒரு புழுகூட வாங்கவில்லை.