வாஷிங்டனில் ஹோசே அந்த்ரெஸின் மேசை

வாஷிங்டனில் மியூசியம் மியூசியமாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோன மதியம், மியூசியங்கள் சூழ்ந்த நேஷனல் மால் என்ற புல்வெளியிலிருந்து ஏழாம் தெரு வழியாக வடக்கே நடந்து ஹலேயோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் பிறந்த ஹோசே அந்த்ரெஸ், 1993-ல் சமையல் பொறுப்பேற்றுப் பெயர் வாங்கிய உணவகம் இது. சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் தபாஸை அமெரிக்கர்களுக்குப் பழக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு வதக்கிய இறால் பிரமாதம். காரம் என்று மெனு எச்சரித்த உருளைக்கிழங்கு மட்டும் நம் நாக்குக்கு ஒன்றுமே இல்லை!

இதே ஊரில் அவர் நடத்தும் மினிபார் என்ற உணவகம், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் கையேட்டின் நட்சத்திரங்கள் வாங்கியது. ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது ஹைத்தியில் நடந்த ஒரு சங்கதிதான். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே போன அந்த்ரெஸ், முகாமில் தனக்குத் தெரிந்தபடி பீன்ஸ் சமைத்திருக்கிறார். நாங்கள் இப்படிச் சாப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் அங்கிருந்த பெண்கள். மசித்து, வடிகட்டி, குழம்பு போல வழவழப்பாக வேண்டுமாம். சரி என்று அவர்களிடமே கற்றுக்கொண்டு அப்படியே செய்தார். பசியில் இருப்பவருக்கும் ருசி உண்டு என்பதை ஒத்துக்கொள்ள நிவாரணக்காரர்களில் பலருக்கு மனம் வருவதில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்டுப் பழகிய ஹோட்டல்காரருக்கு அது சுலபமாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு அவர் தொடங்கிய, பேரிடர் நடந்த இடங்களில் சமைத்துப் போடும் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்பு, 2017-ல் மரியா புயல் அடித்த போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடு கொடுத்தது. உள்ளூர்ச் சமையல்காரர்கள், உள்ளூர் அடுப்புகள், சான்கோச்சோ என்ற அந்த ஊர்க் குழம்பு. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் இஸ்ரேலிய வான்தாக்குதலில் அந்த அமைப்பின் ஊழியர்கள் 7 பேர் கொல்லப்பட்டார்கள். நிறுத்திவைத்த வேலை அந்த மாதக் கடைசியிலேயே மறுபடி தொடங்கியது.

அப்புறம், இந்த ஊருக்கு வருகிறவர்கள் டிசி சென்ட்ரல் கிச்சன் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1989-ல் அதிபர் புஷ்ஷின் பதவியேற்பு விழாவில் மிஞ்சிய உணவைக் கொண்டு ராபர்ட் எக்கர் ஆரம்பித்தது. சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அங்கே சமையல் பயிற்சி தந்து வேலைக்கு அனுப்புகிறார்கள். ஹலேயோவுக்கு வந்த புதிதில் அந்த்ரெஸ் தொண்டராகப் போய் நின்றது அந்தச் சமையலறையில்தான்.