மண்ணுக்குள்ள எண்ணெய் இருந்தும் என்ன

2022ல வெள்ளவத்தையில பெற்றோல் கியூவில ராத்திரி முழுக்க நிக்கேக்க கனடா சித்தப்பா போன்ல "இங்க அல்பேர்ட்டாவில மண்ணைக் கிண்டினாலே எண்ணெய்தானடா" எண்டார், எனக்கு வந்த எரிச்சல்! பிறகு தேடிப் பார்த்தா கதை அவ்வளவு லேசில்ல, அது தார் மாதிரி தடிச்ச எண்ணெய் ஒட்டின மணல், ஒரு பீப்பா எண்ணெய்க்கு கிட்டத்தட்ட 2 டன் மண்ணை அள்ளி சுடுதண்ணியில கழுவோணும், ஆழத்தில கிடக்கிறதை நீராவி அடிச்சு இளக்கித்தான் எடுக்கலாம், அந்த நீராவிக்கே எவ்வளவு கேஸ் எரியுது. ஒயில் ஷேல் எண்ட பாறை இன்னும் மோசம், அதில இருக்கிறது எண்ணெயே இல்ல, கெரோஜன் எண்ட திடமான கரிமப் பொருள், கல்லை 500 பாகை அளவுக்கு சூடாக்கினாத்தான் எண்ணெயாகும். எஸ்தோனியாக்காரன் அந்தக் கல்லையே எரிச்சு கரண்ட் எடுத்தான், கெட்டிக்காரன்தான், ஆனா புகையும் சாம்பலும்? அமெரிக்காவில கொலராடோவில இந்தக் கல்லு மலை மலையா கிடந்தும் 1982ல எக்ஸொன் எண்ணெய்க் கம்பனி தன்ர ஒயில் ஷேல் திட்டத்தை திடீரெண்டு கைவிட்டிட்டு போயிட்டுது, எண்ணெய் விலை விழுந்தா அது வெறும் கல்லுத்தான்.